எழுத்தில்லாத பெட்டி

பல்கலைக்கழக இறுதியாண்டுத் தேர்வுக்காக நான் செய்த வாத்தியம் ஒரு பிஸ்கட் டின்னை விடக் கொஞ்சம் பெரியது. கறுப்புப் பூசிய பலகைப் பெட்டி. மேலே ஐந்து குமிழ்கள். உள்ளே ஒரு சிப், ஒன்பது வோல்ட் பற்றரி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர். குமிழைத் திருகினால் ஓசை ஏறும், இறங்கும், நடுங்கும், அரிசி கொட்டுவதுபோலத் துண்டு துண்டாகத் தெறிக்கும். அதற்கு முன் யாரும் கேட்டிராத ஓசை அது என்று நான் அப்போது நம்பினேன். இப்போதும் கொஞ்சம் நம்புகிறேன்.

குமிழ்களின் கீழே சுருதி, வேகம், நடுக்கம், எதிரொலி, உரப்பு என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். வகுப்பில் மற்ற எல்லாருடைய பெட்டிகளிலும் ஆங்கிலம். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், அம்மா விடியற்காலையில் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவர். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. படித்தவள் நான் ஒருத்திதான். படித்த எழுத்தைப் பெட்டியில் பொறிக்காமல் விடுவேனா? இந்தியன் மையில், மூன்று தரம் எழுதிப் பார்த்து, நாலாவது தரம்தான் திருப்தியாக வந்தது.

வாத்தியம் வேலை செய்தால் மட்டும் போதாது என்று எங்கள் விரிவுரையாளர் மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார். கடைசிச் சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டும். பிறகு அந்த வாத்தியத்தைத் தொட்டே பார்த்திராத ஒருவர் சபையிலிருந்து வந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஐந்து நிமிடத்துக்குள் தானும் வாசிக்கவேண்டும். அதில் தவறினால் அடுத்த வருடம்தான் பட்டம். அப்பா துறைமுகத்தில் என் பட்டத்தைப் பற்றி ஏற்கெனவே எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தார்.

சனிக்கிழமைக்கு ஆறு நாள் முன்னால் ஒத்திகை. பெட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அதை ஆய்வுகூடத்தில் விட்டுவைக்கலாம்தான். விட்டால், மறுநாள் அதன் பாகங்கள் வேறு யாருடைய பெட்டிக்குள்ளாவது இருக்கும். யுத்த காலம் அது. கோட்டைப் பக்கம் திரும்புமுன் சோதனைச் சாவடியில் வழக்கம்போல எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்தேன்.

துவாயை விலக்கிய சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். "மேக்க மொகக்த, நங்கி?" என்றான். இது என்ன, தங்கச்சி என்று.

"சங்கீத வாத்தியம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னேன். எழுதியவளே வாசித்துச் சொன்னால் அவன் எப்படி நம்புவான்? கறுப்புப் பெட்டி, உள்ளே வயரும் பற்றரியும், மேலே அவனுக்குத் தெரியாத எழுத்து. அவன் இடத்தில் நின்றிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. எனக்கு அழகான எழுத்துத்தான் கண்ணில் நின்றது.

தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் வந்துசேர இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அவர் குனிந்து ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார்.

"உரப்பு எண்டால் என்ன தங்கச்சி?"

"சத்தம் கூடுறது, குறையிறது."

"அப்ப சத்தம் எண்டே எழுதியிருக்கலாமே."

பௌதிகவியல் புத்தகத்தில் படித்த சொல் என்று அவரிடம் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, ஒரு வயரை அறுத்துவிட்டுத் தந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒத்திகை முடிந்திருந்தது. மேடம் ஏசவில்லை. "சனிக்கிழமை வந்துசேரக்கூடிய ஒன்றைக் கொண்டு வாரும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். அம்மா தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்தார்.

"எழுத்துத்தான் கரைச்சல் எண்டால் கழட்டிவிடன்."

"எழுத்தில்லாமல் எது எதெண்டு எப்பிடித் தெரியும்?"

"குசினியில எது உப்பு, எது சீனி எண்டு எழுதியா வச்சிருக்கிறன்? இவ்வளவு நாளும் உனக்கு உப்புப் போட்ட தேத்தண்ணியே தந்தனான்?"

எனக்குக் கோபம் வந்தது. உப்பு மண்சட்டியில், சீனி அகன்ற மூடிப் போத்தலில். அம்மா பார்க்காமலே கை நீட்டி எடுப்பார்.

லேபல்களை உரித்து ஒரு கொப்பிக்குள் வைத்தேன். பிறகு குமிழ்களையும் கழற்றினேன். சுருதிக்கு மரத்தாலான நூல்கட்டை. வழவழவென்று, நிறுத்தாமல் சுழலக்கூடியது. நடுக்கத்துக்கு விளிம்பு நெளிந்த சோடாப் போத்தல் மூடி. வேகத்துக்கு, திருகும்போது விரலில் டிக் டிக் என்று தட்டும் பற்சக்கரம். எதிரொலிக்குக் குழிந்த பெரிய கோட்டுப் பொத்தான். சத்தத்துக்கு எல்லாவற்றிலும் பருத்த மரக் குமிழ். கறுப்புப் பலகைக்குப் பதிலாகப் பெயர்ப்பலகைக் கடையில் வெட்டிக் கழித்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் கடைசி வயர்வரை வெளியே தெரிந்தது. அம்மா தூர நின்று பார்த்தாரே தவிர, கரண்ட் அடிக்கும் என்று கிட்டவே வரவில்லை. பற்றரிதான் என்று எத்தனை தரம் சொன்னேன்.

சனிக்கிழமை சேலை உடுத்து அம்மாவும் வந்தார். சாவடியில் அதே சிப்பாய். "ஆயெத்?" என்றான், மறுபடியுமா என்று. இந்தமுறை நான் துவாய் சுற்றவில்லை. அவன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். நான் சுவிட்சைப் போட்டேன். கேட்காமலே நூல்கட்டையில் விரலை வைத்துத் திருகினான். ஓசை கூ என்று மேலேறியது. கையை எடுத்தான், மறுபடி வைத்தான். பக்கத்தில் நின்ற பொலிஸ் பெண் சிரித்து, "போதும், பிள்ளையைப் போகவிடு" என்று சிங்களத்தில் சொன்னாள். அவனுக்குப் போதவில்லை. சோடா மூடியையும் திருகிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

மண்டபத்தில் வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் வாசித்தவர்கள் பெட்டிமேல் கவிழ்ந்து எழுத்தைத் தேடினார்கள். நான் சபையைப் பார்த்தபடியே வாசித்தேன். கை தானாகப் போனது. கொஞ்சம் நீட்டித்தான் வாசித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

"தொட்டிராத ஒருவர் வரலாம்" என்று மேடம் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. மூன்றாம் வரிசையில் அம்மா கைப்பையைப் பக்கத்துக் கதிரைக்காரியிடம் கொடுப்பது தெரிந்தது. அம்மாவுக்கு வாசிக்க வராவிட்டால் யாருக்குமே வராது என்றுதான் தீர்ப்பு வரும், பட்டமும் அடுத்த வருடம்தான்.

"தொட்டிருக்கிறீங்களா அம்மா?" என்று மேடம் கேட்டார்.

"ஐயோ இல்லை. அடிக்கும்."

சபை சிரித்தது. அம்மா ஒற்றை விரலால் நூல்கட்டையைத் தொட்டார். அடிக்கவில்லை. பிறகு முழுக் கையையும் வைத்தார். இடியப்பத் தட்டில் மா சுற்றிவருவதுபோல ஓசையை வட்டமாக மேலேற்றி, வட்டமாக இறக்கினார். மற்றக் கை தானாகச் சோடா மூடியைக் கண்டுபிடித்தது. ஓசை நடுங்கியபோது தலையை ஆட்டிக்கொண்டார். ஐந்து நிமிடம் முடிந்தது என்று மேடம் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டி அம்மாவின் மடியில் இருந்தது. நான் கேட்டும் தரவில்லை.

"பாஸ்தானே?" என்றார்.

"ஓம்."

"அந்தக் கோட்டுப் பொத்தான் இறுக்கமா இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் விடு."

வீட்டுக்குப் போனதும் விட்டேன்.