மோட்டார் பெட்டியின் கீழ் எல்லை

பெரம்பலூர் டவுனில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். மூன்று பேஸ் கரண்டில் ஓடும் வயல் மோட்டாருக்கு மாட்டும் பெட்டி செய்கிறோம். வோல்டேஜ் ரொம்பக் குறைந்தாலும் கூடினாலும் மோட்டார் சூடேறிக் கருகிவிடும் என்பதால், பெட்டி அதை ஓடவிடாது. அதைச் சோதிக்கும் வரியை எனக்கு முன்பிருந்தவர் எழுதியிருந்தார். 'இல்லையென்றால் இல்லை' என்று மறுப்புக்கு மேல் மறுப்பு, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. எல்லை எண்கள் ஏதோ ஒரு மூலையில், வோல்ட்டில்கூட இல்லாமல் வேறு கணக்கில் கிடந்தன. இப்படிப்பட்ட வரியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாற்றி எழுதினேன். கீழ் எல்லை முந்நூற்றைம்பது வோல்ட், மேல் எல்லை நானூற்றறுபது, நடுவில் இருந்தால் ஓடலாம். அவ்வளவுதான். முதலாளி எட்டிப் பார்த்து, "இப்பத்தான் தம்பி எனக்கே புரியுது" என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோடை வந்ததும் விவசாயிகளிடமிருந்து போனும் வந்தது. "பொட்டி மோட்டார ஓடவே வுடமாட்டேங்குதுங்க." அரும்பாவூர்ப் பக்கம் அப்போது வோல்டேஜ் முந்நூறைத் தொடுவதே பெரும்பாடு. சில நாளில் போன் நின்றுவிட்டது. லைன் சரியாகிவிட்டது போல என்று நானும் இருந்துவிட்டேன்.

அரும்பாவூரில் என் அண்ணன் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். நான் எழுதியது என்பதற்காகவே எங்கள் பெட்டியை வாங்கியவர். காய் பருக்கிற நேரத்தில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிட்டது.

ஆபீசில் புரோகிராமைத் திறந்தேன். கீழ் எல்லை இருநூற்றெண்பது என்றிருந்தது. முதலாளியே திருத்தி, சர்வீஸ் ஆளிடம் கொடுத்து எல்லாப் பெட்டியிலும் ஏற்றச் சொல்லியிருக்கிறார். பழைய வரியைத் தொட எல்லோரும் பயந்தார்கள். என் வரியில் அந்தப் பயம் இல்லை. கேட்டதற்கு, "பொட்டி திரும்பி வந்தா யாரு தம்பி பதில் சொல்றது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அரும்பாவூர் போனேன். போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்கவே ஆள் கிடைக்காமல், வெங்காயத்தாள் தண்ணீரின்றி வாடிச் சாய்ந்து கிடந்தது. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பழையபடி மாத்திட்டா ஓடுமா?"

"ஓடாதுண்ணே. வோல்டேஜ் இருந்தாத்தான் ஓடும்."

"மாத்தலன்னா?"

"திரும்பவும் கருகிடும்."

அண்ணன் குனிந்து ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வரப்பில் போட்டார். பிறகு, "சாப்ட்டுட்டுப் போ" என்று சொல்லி வீட்டுக்கு நடந்தார்.