கண்டக்டரம்மா பிடித்த ஜன்னலோர மேசை

முப்பத்தோரு வருஷம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவளை, ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோரும் கண்டக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் மின்சார வயரிங் வேலை செய்தவர். இரண்டு வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் சட்டையில் சிந்தும். உறவுக்காரர் வீட்டு விருந்தில் யாரோ சிரித்துவிட, அன்றோடு நாலு பேர் நடுவில் சாப்பிடுவதை விட்டார். சொந்த வீட்டிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் தின்பார்.

கண்டக்டரம்மாவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். "திருடியா திங்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டு வாய்தான் வலித்தது. கடைசியில், பெரிய ஓட்டலில் விடுமுறை நாளன்று காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்துப் பரப்பிவைக்கிறார்களே, அந்த ‘பிரஞ்ச்’ விருந்துக்கு ஜன்னலோர மேசை வேண்டுமென்று பத்து நாள் முன்பே போன் செய்து சொல்லிவைத்தாள். அவரைக் கிளப்புவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

"இந்த ஒரு தடவை வாங்க. பிடிக்கலைன்னா அப்புறம் எங்கேயும் கூப்பிடவே மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் செருப்பை மாட்டினார்.

முதலில் சூப் வந்தது. கரண்டி கிண்ணத்தில் கடகடவென்று தாளம் போட்டது. பாதி சூப் வெள்ளை விரிப்பில் ஊறியது. பக்கத்து மேசை அம்மாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் கோட்டு போட்ட மேலாளர் வந்து குனிந்தார்.

"மேடம், தடுப்புக்குப் பின்னால ஒரு மேசை இருக்கு. சாருக்கு வசதியா இருக்கும்."

"இங்க என்ன வசதிக் குறைச்சல்?"

"இல்ல, அங்க யாரும் பார்க்க மாட்டாங்க."

வீட்டுக்காரர் அதற்குள் எழப்போனார். நிறுத்தம் வருமுன் இறங்கப் பார்ப்பவரைத் தடுப்பதுபோல அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"தம்பி, என் பஸ்ல மீன் கூடை ஏறும், குழந்தை வாந்தி எடுக்கும். பக்கத்துல இருக்கறவங்க மூக்கைச் சுளிப்பாங்க. அதுக்காக டிக்கெட் எடுத்து உட்கார்ந்த ஆளை நான் ஒரு நாளும் எழுப்பினதில்ல. பிடிக்காதவங்களைத்தான் வேற சீட் பார்க்கச் சொல்லுவேன். தடுப்புக்குப் பின்னால அவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"மத்தவங்க சங்கடப்படறாங்க மேடம்."

"படட்டும். சங்கடம் அவங்களோடது, சூப் எங்களோடது."

மேலாளர் விரிப்பைப் பார்த்தார். "துணியாவது மாத்தட்டுமா?"

"சாப்பிட்டு முடிச்சப்புறம் மாத்துங்க. இன்னும் சிந்தும்."

அவர் போனதும் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "நானூறு வோல்ட்டுக்கு நடுங்காத கை, கரண்டிக்கு நடுங்குது பாரு" என்றார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

கண்டக்டரம்மா கைப்பையை எடுத்தாள். அவ்வளவுதான், வீட்டுக்குக் கிளம்பிவிட்டார், இனி அந்தச் சுவர்தான் என்று நினைத்தாள்.

"முட்டை போட்டுத் தர்ற இடம் எது?" என்று கேட்டார் அவர்.

"இருங்க, நான் எடுத்துட்டு வரேன்."

"நீ உட்காரு. ரெண்டு பேரும் எழுந்துட்டா சீட்டை யார் பார்க்கறது?"

தட்டில் முள்கரண்டி கிடுகிடுக்க, அந்தக் கூடத்தின் நடுவில் நடந்தார். எல்லாத் தலையும் திரும்பியது. அவர் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வாங்கிய இரண்டு முட்டையில் ஒன்றுதான் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதை அவள் முன்னால் வைத்துவிட்டு, தனக்கு இன்னொன்று வாங்க மறுபடி நடந்தார்.