வெர்லினின் பூதக்கண்ணாடி

வெர்லின் ஹாக்ஸ்டாடை நம்பவைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. இருபத்தேழு வருஷம் மாட்டுச் சூடு பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவன் அவன். சந்தைக்கு வருகிற மாட்டின் தொடையில் இருக்கும் அடையாளச் சூட்டை, மேல்சூடு போட்டு எவனாவது மாற்றியிருக்கிறானா என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் மாடு போய்ப் பழைய வேட்டைத் துப்பாக்கி வந்தது. பார்வை மட்டும் மாறவில்லை. சர்ச் விருந்தில்கூடத் தட்டைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை என்று பார்த்துவிட்டுத்தான் உருளைக்கிழங்கு போட்டுக்கொள்வான்.

பழந்துப்பாக்கி சேர்க்கிற எங்களுக்கெல்லாம் ஒரே மதம்தான். பழசு பழசாகவே இருக்கவேண்டும். கீறல், துரு, கை பட்டுப் பட்டு வெளுத்த இடம் எல்லாம் அதன் சொத்து. புதுப் பூச்சு ஏற்றி, கட்டையை இழைத்துப் பளபளவென்று கொண்டுவந்தால் தொலைந்தது. ஒன்று, விவரம் தெரியாத அப்பாவி கெடுத்திருப்பான். இல்லை, எவனோ எதையோ மறைக்கிறான். வெர்லினின் உலகத்தில் அப்பாவி என்ற சாதியே கிடையாது.

எங்கள் ஊர் லூயிஸ்டவுன் திடலில் வருஷா வருஷம் மார்ச்சில் துப்பாக்கிச் சந்தை கூடும். கொட்டகையில் அவன் மேஜையும் என் மேஜையும் பதினெட்டு வருஷமாக அடுத்தடுத்து. அதனால் நடந்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவனிடம் நாற்பது துப்பாக்கி இருந்தது. இல்லாதது அவன் அப்பா நெல்ஸ் வைத்திருந்த வின்செஸ்டர் துப்பாக்கி. அப்பா இறந்தபோது அது பண்ணையிலேயே இருந்த தம்பி ஆரினிடம் போயிற்று. ஆரின் அதை என்றோ விற்றுத் தின்றுவிட்டான் என்பது இவன் கட்சி. கேட்டாயா என்றால், "கேட்டா உண்மையா சொல்லப்போறான்?" என்பான். இப்படிக் கேட்காமலே பதினொரு வருஷம் தம்பியோடு பேச்சில்லை.

போன மார்ச் சனிக்கிழமை, நான் லவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஆரின் ஒரு கம்பளிச் சுருளோடு எதிரே வந்து நின்றான்.

"அண்ணே."

வெர்லின் தலையை மட்டும் ஆட்டினான்.

"பண்ணைய வித்தாச்சு. திங்கக்கிழமை மக வீட்டுக்கு அரிசோனா கிளம்பறேன். இனிமே இந்தக் குளிரு நமக்கு ஆகாது. இது உங்கிட்டதான் இருக்கணும்."

கம்பளியை விரித்தான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பாவின் வின்செஸ்டர், நேற்றுத்தான் கடையில் வாங்கியதுபோல மின்னியது.

வெர்லின் பூதக்கண்ணாடியை எடுத்தான். "இரும்புல வெட்டின நம்பரோட விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கே."

"துருப் புடிச்சிருந்துச்சுண்ணே. குளிர்காலம் பூரா உக்காந்து நானே தேய்ச்சுப் பூசினேன். உனக்குக் குடுக்கறப்ப நல்லா இருக்கட்டுமேன்னு."

"எவ்வளவு கேக்கற?"

"என்னது?"

"விலைடா."

"சும்மாதான்."

வெர்லின் என் பக்கம் திரும்பினான். "கேட்டியா டெல்மர், சும்மாவாம்!"

ஆரினின் காது சிவந்தது. ஆனாலும் பொறுமையாகவே சொன்னான்: "தோள்ல வைக்கிற கட்டையோட அடித்தகட்டைக் கழட்டு. உள்ள அப்பா எழுதியிருக்காரு. அத நான் தொடவே இல்ல."

வெர்லின் இரண்டு திருகையும் கழற்றித் தகட்டை எடுத்தான். கட்டையின் முகப்பில், மங்கின பென்சிலில் நான்கு சொற்களும் ஒரு வருஷமும் இருந்தன. "வெர்லின் சுட்ட முதல் மான். 1956."

அவன் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். அழப்போகிறான், அழட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? விரலில் எச்சில் தொட்டு, எழுத்தின் மேல் தேய்த்தான். பென்சில் பழசா புதுசா என்று பார்க்கிறானாம். அறுபது வருஷம் தகட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்த அந்த 1956 கரியாக இழுபட்டது. வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் வெர்லினே கையை உடைத்திருப்பான்.

ஆரின் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துப்பாக்கியை வாங்கி, என் திருப்புளியைக் கேட்டு எடுத்துத் தகட்டை மாட்டினான். கம்பளியில் சுற்றினான். வாசலைப் பார்த்து நடந்தான்.

"ஓடுடா, போய்க் கூப்பிடு!" என்றேன்.

"உக்காருப்பா. வியாபாரம் உனக்குப் புதுசா? நாலு மேஜை தள்ளிப் போயிட்டுத் திரும்பி வருவான்."

எங்கள் சந்தையில் மேஜையை விட்டு நடப்பது பேரத்தின் பாதி. எல்லோரும் நடப்போம், எல்லோரும் திரும்புவோம். ஆனால் எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன்.

"அவன் விலையே சொல்லலியேடா மடையா!"

"அதுலதான் எனக்குச் சந்தேகமே."

அன்று முழுக்க அவன் மேஜையை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. சாப்பிடப் போகவில்லை. இரண்டு பேர் அவன் மேஜையிலிருந்த துப்பாக்கியை எடுத்து விலை கேட்டார்கள். அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்தான். நாலு மணிக்குச் சந்தை முடிந்து எல்லோரும் பெட்டி கட்டினார்கள். அவன் எதையும் கட்டவில்லை.

"அது அப்பா எழுத்துதான், டெல்மர்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"பாத்த உடனே."

"அப்புறம் எதுக்குடா தேய்ச்ச?"

நான் என் பெட்டியைப் பூட்டினேன். கொட்டகையில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

"வாசல்ல யாரோ வர்ற மாதிரி இருக்கு. பாரேன்," என்றான்.

பார்த்தேன். தரையைக் கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்துகொண்டிருந்தார்.