நாலு பத்துக்கு வரும் வாசகர்

அந்த நூலகத்தை மூடியதில் எனக்கும் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் கை மழுப்பப் பார்க்கும்.

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் ஒரு சின்ன ஊர். ஊர் தொடங்குகிற இடத்திலேயே நூலகம். ஒரே அறை. சுவரோரம் அலமாரிகள், நடுவில் நீள மேசை, வாசலருகே ஒரு குட்டி மேசை. அதன் மேல் வருகைப் பதிவேடு, நூலில் கட்டிய பேனா. வருகிறவர்கள் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். நம் ஊர்ப் பொது நூலகங்களில் பழகிப்போன வழக்கம். வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை தானாகச் செய்துவிடும்.

போன மார்கழியில் அங்கிருந்த நூலகர் என்னைப் போனில் கூப்பிட்டார். சேலத்துப் பெண். வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவர்.

"அக்கா, நீங்க எழுதறவங்கதான? எங்க லைப்ரரிக்கு ஒரு வரலாறு எழுதிக் குடுங்களேன். ரெண்டு பக்கம் போதும்."

"இப்ப எதுக்கு திடீர்னு?"

"ஆய்வுக்கு வர்றாங்க. வாசகர் குறைவா இருக்கிற ஊர்ப்புற நூலகத்தையெல்லாம் டவுன் கிளையோட சேத்துடலாமான்னு பாக்கறாங்க. நம்மளது விளிம்புல நிக்குது. நாலு நல்ல வார்த்தை இருந்தா நிக்குமோ என்னவோ."

நாலு நல்ல வார்த்தை. வேறு வேலை எதுவும் எனக்கு உருப்படியாக வந்ததில்லை. எந்த ஊரிலும் மூன்று வருடம் தங்காமல் அலைந்துவிட்டு ஐம்பதை நெருங்கும்போது இந்த மலைக்கே திரும்பியிருந்தேன். சரி என்றேன்.

ஐந்து நாள் போனேன். இரும்பு பீரோவைத் திறந்தால் பழைய பதிவேடுகள், ஈரம் குடித்து ஊதிப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெள்ளைப் பூஞ்சை விரலில் வந்தது. தும்மிக்கொண்டே படித்தேன், தும்மிக்கொண்டே எழுதினேன்.

இந்த மலையில் புத்தகம் முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. தோட்ட முதலாளிகள் மாலையில் கூடுகிற பங்களாவில் கண்ணாடி அலமாரி. என் அம்மாவின் சித்தி அங்கே தூசி தட்டினவர். முதுகுப் பக்கத்துத் தங்க எழுத்துகளை அவருக்குத் தெரியும், உள்ளே இருந்ததைத் தெரியாது. பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரோ வந்தது, சாவி ஒரு கன்னியாஸ்திரியின் இடுப்பில். அப்புறம்தான் சர்க்கார் நூலகம். வீட்டு வரியோடு நூலகத்துக்கென்று ஒரு துளி சேர்த்து வாங்கினார்கள், அந்தத் துளியில் ஏற்காடு டவுனில் ஒரு கிளை முளைத்தது. சின்ன வயதில் மழைக்காலம் பூராவும் நான் அங்கேதான் கிடந்தேன். ஈரத் தலையோடு போய், தலை காய்ந்ததும் கிளம்பி வருவேன். பிற்பாடு சாக்கில் கட்டிய புத்தகங்கள் காய்கறிக் கூடைகளோடு பஸ் மேலேறி எஸ்டேட் ஊர்களுக்குப் போயின. பஸ் நின்றதும் கட்டை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு போக ஊருக்கு ஒருவர் இருந்தார். இப்படித்தான் இந்த ஓர் அறையும் நிரம்பியது.

இதையெல்லாம் எழுதினேன். எழுதியது சவசவ என்று இருந்தது. உயிருக்கு ஓர் ஆள் வேண்டும்.

பதிவேட்டில் கிடைத்தார். ஒரே ஆணின் பெயர், வருடக் கணக்காக. நேரம் எப்போதும் நாலு பத்து. வெள்ளிக்கிழமை விடுமுறை தவிர ஒரு நாள் விடவில்லை. முதல் நோட்டுகளில் கையெழுத்து சாய்ந்து ஓடுகிறது. நடுவில் சில மாதம் மட்டும் காணோம். மறுபடி வரும்போது எழுத்துகள் தனித்தனியாக, ஒன்றையொன்று தொடப் பயந்து நிற்கின்றன. நோயில் விழுந்து எழுந்திருப்பார், கை தளர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

"இவர் யாரு, பாத்திருக்கீங்களா?" என்று நூலகரைக் கேட்டேன்.

"நாலு மணிக்கு எஸ்டேட் விட்டதும் கொஞ்சம் பேர் வருவாங்கக்கா. அதுல யாரு யாருன்னு… அவங்களே எழுதிட்டு உக்காந்துக்குவாங்க. இருந்து பாத்துட்டுப் போங்களேன்."

இருக்கவில்லை. பனி இறங்குமுன் மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் எனக்கு. ஐந்து நாளும் மூன்றரை பஸ். நாற்பது நிமிடம் காத்திருந்தால் தெரிந்திருக்கும். காத்திருக்கவில்லை, எழுதினேன்: "மழையிலும் பனியிலும், கை தளர்ந்த பின்னும், நாலு பத்துக்கு வந்து அமரும் இந்த ஒரு மனிதர் இருக்கும்வரை இந்த அறைக்குச் சாவில்லை." எழுதி முடித்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். வளைவுகளில் தலை சுற்றி, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். என் இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். கடைசி வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க. இவரைப் பாக்கணுமே. இருந்து பாத்துட்டே போறேன்."

எல்லோரும் இருந்தோம். ஜன்னலில் பனி வந்து முட்டியது.

நாலு பத்துக்கு ஒரு பெண் வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். இடுப்பில் காப்பி பறிக்கிற சாக்குத் துணி, விரலெல்லாம் பழச்சாற்றுக் கறை. குனிந்து நிதானமாக எழுதினார். நிமிர்ந்தபோது அதிகாரி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு பேரும்மா?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"அவரு வரலியா?"

"அவரு போயி ஆறு வருசமாச்சுங்க சார்."

நூலகர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"அப்ப நீங்க எதுக்கு அவரு பேரைப் போடறீங்க?"

அந்த அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கார்டு அவரு பேருலதானுங்க இருக்குது? கார்டு யாரு பேருலயோ அந்தப் பேருதானுங்க போடோணும்? எஸ்டேட்டுலயும் அப்படித்தானுங்க. அவரு எடத்துலதான் நான் வேலைக்கு நின்னேன். இன்னைக்கும் கணக்கெழுதற ரைட்டரு காத்தால அவரு பேரத்தான் கூப்புடுவாரு. நாந்தான் 'இருக்கேனுங்க'ம்பேன்."

அதற்குள் வேறு சிலரும் வந்திருந்தார்கள். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார். ஒரு மருமகள் மாமனார் பெயரைப் போட்டிருந்தாள். ஒருத்தி திருப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன் பெயரை. இன்னொருத்தி அப்பா பெயரை. கார்டு வீட்டுக்கு ஒன்று, அது ஆம்பிளை பெயரில். படித்ததெல்லாம் இவர்கள். நான் எழுதிய வரலாற்றில் ஆண்களாக நிறைந்து உட்கார்ந்திருந்த அந்த அறையில் பெண்கள்தான் இருந்திருக்கிறார்கள்.

"உங்க உங்க பேரைப் போட்டிருந்தா ஒண்ணுமே இல்லம்மா" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. "இல்லாதவங்களை நான் எப்படி வாசகர்னு கணக்குல சேக்கறது?" சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு நாலு பத்தையும் அடித்தார். விளிம்பில் நின்றது விழுந்தது.

நல்ல நிலையில் உள்ள புத்தகங்கள் டவுன் கிளைக்குப் போகும், ஈரமும் பூஞ்சையும் பிடித்தவை கழிவுக்கு என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தோடு இறங்கிப் போனார். வண்டி வரப் பத்து நாள் இருந்தது.

மறுநாள் நான் போனபோது வாசற்படியில் அந்த மருமகள் நின்றிருந்தாள். "ஏனுங்க, எழுதிக் குடுத்த புண்ணியவதி நீங்கதானுங்களா? நொம்ப நல்லா எழுதிப்போட்டீங்க."

அவளைத் தாண்டிப் போனேன். உள்ளே அந்த அம்மா வெள்ளைப் பூஞ்சை பிடித்த புத்தகங்களைத் தனியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான் சேர்ந்தது.

"அக்கா, என்னாலதான்…" என்று ஆரம்பித்தேன்.

"அதை உடுங்க அம்மிணி. இதெல்லாம் குப்பைக்குப் போயிருமுங்களா?"

"அப்படித்தான் சொன்னாரு."

அடுக்கின் மேல் கையை வைத்தார். அப்புறம் சொன்னார். அவர் வீட்டுக்காரர்தான் ஒரு காலத்தில் பஸ்ஸிலிருந்து புத்தகக் கட்டை இறக்கி வந்தவர். ராத்திரி இவர் அடுப்படியில் நிற்கும்போது அவர் படிப்பார். படித்துக்கொண்டே தனக்குள் சிரிப்பார்.

"ஏனுங்க சிரிக்கறீங்கன்னு கேப்பேன். உனக்குப் புரியாதுன்னு சொல்லிப்போடுவாரு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லீங்க, இருவது வருசம். அந்த ஆளு எதுக்குச் சிரிச்சாருன்னு பாக்கோணும்னுதான் வந்தேன். அவரு எடுத்ததையெல்லாம் வரிசையா எடுத்துட்டிருக்கறேன். முன்ன இருந்த லைப்ரரி மேடம் ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்தாங்க." மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து நாலாகக் கிழிந்திருந்தது.

"புரியுதுங்களா?"

"நல்லாவே புரியுது. சிரிப்புத்தான் வர மாட்டேங்குது." பூஞ்சை அடுக்கைக் காட்டினார். "மிச்சம் பூரா இதுல கெடக்குதுங்க. அதுக்குள்ளார குப்பைக்குப் போனா நான் என்ன பண்ணட்டும்?"

நல்ல வார்த்தைக்கு இனி வேலை இல்லை, ஈரம் போக வெயில்தான் வேண்டும். அவரே ரைட்டரிடம் போனார். காப்பி காய வைக்கிற களத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது.

"காப்பியில புழு ஏறுச்சுன்னா நீதான் பதில் சொல்லோணும்" என்றார் ரைட்டர்.

"எம் பேரு உங்க நோட்டுலயே இல்லீங்களே, யாரைக் கேப்பீங்க?" என்றார் அந்த அம்மா. ரைட்டர் தலையைச் சொறிந்துகொண்டு சாவியைக் கொடுத்தார்.

தை வெயில் அந்த வாரம் நன்றாக அடித்தது. சிமெண்டுக் களத்தில் ஒரு பக்கம் கருத்துக் காயும் காப்பிப் பழம், ஒரு பக்கம் விரித்துக் கவிழ்த்த புத்தகங்கள். காப்பியைக் கிளறுகிற கையோடு இந்தப் பக்கம் வந்து தாள்களையும் புரட்டிப் போட்டார்கள், மருமகளும் மற்றவர்களும். நூலகர் மென்துணியால் பூஞ்சையைத் துடைத்தார். நான் முதுகு கிழிந்தவற்றுக்குப் பசை தடவினேன். பொழுது சாயும் முன் சாக்கில் அள்ளி உள்ளே கொண்டுபோவதும் காலையில் மறுபடி விரிப்பதுமாக ஏழு நாள். காய்ந்த புத்தகங்கள் எல்லாம் காப்பி வாசனை அடித்தன. சில தேறவில்லை. அவற்றை அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து, தன் காகிதத்தோடு ஒப்பிட்டு, இரண்டின் பெயரை அடித்தார். அடிக்கும்போது முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

வண்டி வந்தது. தேறியவை தேறியவைதான், தள்ள முடியாது என்று அதில் வந்த ஊழியர் ஏற்றிக்கொண்டார். அறை பூட்டப்பட்டது. இப்போது அதில் பஞ்சாயத்தின் பழைய சாமான்கள் கிடக்கின்றன. அந்த மருமகளை அப்புறம் நான் பார்க்கவில்லை. டவுனுக்குப் பஸ் ஏறிப் போய்ப் படிக்க அவளை யார் விடுவார்கள்? அண்ணன் பெயரில் படித்தவளும் வரவில்லை, அப்பா பெயரில் படித்தவளும் வரவில்லை. இதை எந்தப் பக்கமிருந்து எழுதினாலும் இப்படித்தான் முடிகிறது.

அந்த அம்மா மட்டும் வருகிறார். எஸ்டேட் லீவான ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை வாக்கில். டவுன் கிளையில் சொந்தப் பெயரில் கார்டு வாங்கியிருக்கிறார். முதல் நாள் பதிவேட்டின் முன் குனிந்து வெகுநேரம் நின்றார். பேனா பழைய பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். பின்னால் நின்ற கல்லூரிப் பையன் உச்சுக் கொட்டினான்.

நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொள்வேன். வணக்கம் சொல்லிக்கொள்வதோடு சரி.

போன மாதம் ஒரு ஞாயிறு. வெளியே மழை. அறையில் நாலைந்து பேர். அவர் கையில் களத்தில் காய்ந்த புத்தகம் ஒன்று, முதுகில் நான் ஒட்டிய காகிதம் கோணலாகத் தெரிந்தது. திடீரென்று மூக்கால் ஒரு சத்தம் வந்தது. தும்மலோ என்று பார்த்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மெல்லச் சாய்ந்து கேட்டேன். "என்னங்கக்கா?"

அவர் புத்தகத்தை மூடி, விரலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் புரியாதுங்க அம்மிணி."

மழை விட்டதும் மஞ்சக்குட்டை பஸ்ஸுக்கு எழுந்து போனார்.