இடப்பக்கம் சுழன்ற வில்லை

இது நடந்தது. எங்கள் வீட்டு நாட்காட்டியில் நானே குறித்த நேரங்களைத்தான் எழுதுகிறேன்.

ஆரணியில் எங்கள் புதுக் குழித்தறியில் தினமும் ஒரே நூல் அறுந்தது. பாவின், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களின், இடது ஓரத்து இழை. மத்தியானம் சரியாக 2.20. இழுத்து அறுந்த பட்டு நுனி சிலிர்த்து நிற்கும். உரசி அறுந்தால் தேய்ந்திருக்கும். இது இரண்டுமில்லை. முறுக்கு மொத்தமும் பிரிந்து கிடந்தது. இருபது வருடம் நெய்தவன் நான், காரணம் பிடிபடவில்லை.

நெய்பவர் கால் தொங்கப்போட்டு மிதிக்கத் தறியின் கீழே குழி வேண்டும். அதைத் தோண்டும்போது மூன்றடியில் ஒரு தாழி வந்தது. உள்ளே எலும்புகள். கூடவே நடுவில் ஓட்டையுள்ள சுட்டமண் வில்லை. வெளியே சொன்னால் வேலை நின்றுவிடுமென்று தாழியைப் பின்கட்டில் புதைத்தேன். வில்லையை வைத்துக்கொண்டேன்.

இழை அறுந்தால் முடிந்து, தளராமலிருக்க ஒரு எடையைத் தொங்கவிடுவோம். முதல் நாள் அறுந்த ஓர இழையில் வில்லையைக் கட்டினேன். சுழன்றால் முறுக்கு பிரியுமே என்று தறிக்கட்டையில் சாய்த்துத்தான் வைத்தேன்.

"பொணத்துகிட்டயும் ஓசியா வாங்கிட்டீங்களா?" என்றாள் என் மனைவி பானுப்ரியா.

பத்தாம் நாள் மின்தடை. தெருவில் விசைத்தறிச் சத்தமே இல்லை. பானு நெய்துகொண்டிருந்தாள். நான் வாசற்படியருகே நின்று பார்த்தேன்.

2.17. வில்லை கட்டையைவிட்டு விலகியது. காற்றில்லை. மெல்லச் சுழன்றது... இடப்பக்கமாக.

2.18. ர்ர்ர்... சத்தம் வில்லையிலிருந்து வரவில்லை. குழிக்குள்ளிருந்து வந்தது.

"என்னாங்க, கால புடிச்சிகினு என்னா வெளாட்டு?"

நான் அவளுக்கு ஏழடி தள்ளி நின்றிருந்தேன்.

2.20. நூல் அறுந்தது. எடுக்க இடது கையை நீட்டினாள். அது மணிக்கட்டில் சுற்றியது. மறுபடி சுற்றியது. விரல்கள் நீலமாயின.

"கத்திரி... ஜல்தி."

வெட்டினேன். வில்லை விழுந்தது. உருண்டது. குழிக்குள் இறங்கியது.

அடியில் விழுந்த சத்தம் வரவில்லை.

யாரோ பிடித்துக்கொண்டது போல...

குழி மண்ணைச் சல்லடையால் சலித்தும் வில்லை கிடைக்கவில்லை. மறுநாள் நானே தொல்லியல் துறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தொல்லியல் ஆய்வாளர் அகல்யா வந்து, பின்கட்டில் புதைத்த தாழியைத் திறந்தார். இடது கை விரலெலும்புகளுக்குள் வில்லை இருந்தது.

"இத யாருங்க உள்ள வெச்சது?"

நான் வைக்கவில்லை என்றேன். அவர் விளக்கினார். அது நூல் நூற்கும் தக்கிளியின் அடிவில்லை. ஒருவர் உயிரோடு இருக்கும்போது கையாண்டதைக் கூடவே புதைப்பது அந்தக் கால வழக்கமாம். ஓட்டைக்குள் கீறல்கள் இடப்புறமாக ஓடின. நூற்றவள் இடது கைக்காரியாக இருக்கலாம் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பட்டு வலமுறுக்கு. இடப்பக்கம் சுற்றினால் பிரியும்.

எலும்புகளையும் வில்லையையும் ஒரே பெட்டியில் கொண்டுபோனார்கள். குழியை மூடி, தறியைத் தள்ளிப் போட்டோம். எட்டு மாதம் ஒரு இழைகூட அப்படி அறவில்லை. பானுவின் மணிக்கட்டில் மட்டும் தழும்பு.

போன மாதம் ஒரு நாள், 2.20க்கு ஓர இழை பிரிந்து அறுந்தது. அகல்யாவுக்குப் போன் செய்தேன். படமெடுக்க வில்லையை மட்டும் வெளியே எடுத்திருந்தார்களாம்.

திரும்ப வைக்கச் சொன்னேன். வைத்தார்கள்.

வில்லை நூற்றவளோடு இருந்தால் நூல் அறுவதில்லை.