வெண்கலப் பானையில் அணில்

கனகவல்லி ஜெர்மனிக்கு வந்து இறங்கியபோது பெட்டியில் இரண்டு கம்பளிச் சட்டையும் ஒரு தகர டப்பா நிறைய மிளகு மல்லி வறுத்து இடித்த பொடியும் இருந்தன. மனசுக்குள் ஒரு பொய் இருந்தது. தான் சுத்த சைவம் என்பதுதான் அது.

அவள் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் பிறந்தவள். மழை பொய்த்த வருஷங்களில் அவர்கள் வீட்டு அடுப்பில் காடை வெந்திருக்கிறது, முயல் வெந்திருக்கிறது, அணிலும் வெந்திருக்கிறது. சென்னையில் கல்லூரி விடுதிக்கு வந்த புதிதில் இதை வெள்ளந்தியாகச் சொல்லப்போக, பக்கத்துக் கட்டில்காரி அம்பிகா மறுநாளே கட்டிலை இழுத்து அந்தக் கோடியில் போட்டுக்கொண்டாள். அணில் தின்கிறவளாம் என்று விடுதி முழுக்க ஒரே பேச்சு. அன்றைக்கு மூடிய வாய். தாவரவியலில் முதலாவதாகத் தேறி, உதவித்தொகை வாங்கி, பான் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்த பிறகும் அந்த விஷயத்தில் அவள் வாய் திறக்கவில்லை.

குடியிருந்தது கிரிங்ஸ் என்ற கிழவரின் வீட்டில். ஊர் முடிந்து கோட்டன்ஃபோர்ஸ்ட் காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த வீடு. அந்தக் காட்டிலேயே மரம் வெட்டி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி லீஸ்பெத் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன்கள் வேறு ஊர்களில். வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று சமையலறையை ஒட்டிய அறையைக் கனகவல்லிக்கும், மேலே பரணறையைச் சேதுராமனுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்.

சேதுராமன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். வெங்காயத்தையே யோசித்துத்தான் தொடுவான். அம்மா கொடுத்தனுப்பிய வெண்கலப் பானையைக் கப்பலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான் என்று சொல்வார்கள். அவனைத் தெரிந்த யாரும் அதை நம்பாமல் இருக்க முடியாது.

சமையலறை அலமாரியில் வலப்பக்கம் கிழவரின் பாத்திரங்கள், இடப்பக்கம் அவனுடையவை. “நீங்களும் வெஜிடேரியன்தானே, உங்க பாத்திரத்தை என் சைடுலயே வெச்சுக்கோங்கோ” என்று அவனேதான் ஒதுங்கி இடம் கொடுத்தான். விடுமுறை நாட்களில் அந்த வெண்கலப் பானையில் பொங்கல் வைத்து அவளுக்கும் ஒரு தட்டு போடுவான். அவள் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை தன் தட்டைத் தொடமாட்டான். அவளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. அவனுக்கும் அப்படித்தான் என்று தெரியும். உண்மை வெளியே வந்தால் அலமாரியில் பாத்திரங்கள் பிரியும், அதோடு மற்றதெல்லாம் பிரியும் என்பதும் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் சேதுராமன் ஒரு காரியம் செய்துவைத்தான்.

அந்த நாட்டில் அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது ‘ஹோர்ன்ஷன்’. பிறை மாதிரி வளைந்த ஒரு ரொட்டி. காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான். 1968இல், இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்த சமயம், கிழவர் அவனை நிறுத்திவைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை ‘ஐக்ஹோர்ன்ஷன்’ செய்யலாமென்று இருக்கிறேன், என் மனைவி செய்கிற மாதிரி, நீ சாப்பிடுவாயா என்று கேட்டார். வார்த்தையின் வாலில் ஹோர்ன்ஷன் கேட்டதுமே நம் ஆளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முன்னால் இருக்கிற ‘ஐக்’ ஓக் மரமாயிற்றே, ஓக் விறகில் சுட்ட ரொட்டியாக்கும் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். ரொம்பப் பிடிக்கும், தினமும் அதைத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவைத்தான். கிழவர் அவன் கையைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

ஐக்ஹோர்ன்ஷன் என்றால் அணில்.

ஞாயிறு மத்தியானம் கனகவல்லியின் கதவு தட்டப்பட்டது. திறந்தால், முகத்தில் ரத்தமே இல்லாமல் சேதுராமன் நின்றுகொண்டிருந்தான்.

“ரொட்டி இல்லை, கனகவல்லி. அணில். டேபிள் மேல மூணு அணில். பெருமாளே, நான் என்ன பண்ணுவேன்.” நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினான். “என்னோட ஜெர்மன் போறாது. நாங்க ரெண்டு பேரும் வெஜிடேரியன், சாரின்னு நீங்களே சொல்லிடுங்கோ. அவர் மனசு நோகாம.”

அவள் அதைச் சொல்லத்தான் போனாள்.

சமையலறையில் புகை மண்டிக் கிடந்தது. கிழவர் வெங்காயம் வதக்கப்போய், அவருடைய ஒரே பெரிய சட்டி அடி கரிந்து தொட்டியில் கிடந்தது. வனக்காவலரான பழைய சிநேகிதர், நாற்றங்காலைக் கெடுத்ததென்று அனுமதியோடு துப்பாக்கியால் சுட்ட அணில்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். இரண்டைக் கிழவர் உரித்திருந்தார், ஒன்று அப்படியே இருந்தது. அவர் நாற்காலியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னால் முடியவில்லை” என்றார். “லீஸ்பெத் எதை எப்போது போடுவாள் என்று நான் பார்த்ததே இல்லை. சாப்பிட உட்காருவேன், அவ்வளவுதான். உலகச் சண்டை முடிந்த பிறகு ஒரு குளிர்காலம் வந்தது பார், கடையில் எதுவுமே இல்லை. நான் பிடித்து வருவேன், அவள் ஆக்கிப் போடுவாள். இரண்டு பையன்களும் அதில்தான் பிழைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். அந்த இந்தியப் பையன் ஒருவன்தான் பிடிக்கும் என்று சொன்னான்.”

கனகவல்லிக்கு உடம்பு சிலிர்த்தது. வேகாத வெயிலில் அவள் அம்மா ஊதிய அடுப்பும், பனிக்கட்டிக்கு நடுவே முகம் தெரியாத ஒருத்தி மூட்டிய இந்த அடுப்பும் ஒரே கறியை வேகவைத்திருக்கின்றன. அணில் தின்பது இவ்வளவு பெரிய உலகத்தில் தன் வீட்டை மட்டுமே பிடித்த ஒரு கேவலம் என்று அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வந்த ‘சாரி’யை விட்டுவிட்டாள்.

மேஜையருகே போனாள். உரிக்காத அணில் நம் ஊர் அணிலைப்போல் இரண்டு மடங்கு பெரிசு. செம்பட்டை நிறம், காது நுனியில் மயிர்க் குஞ்சம். இப்படியும் ஒரு அழகா என்று இருந்தது. முதுகில் மட்டும் கோடு இல்லை.

ராமர் தடவிக்கொடுத்த விரல்தடம்தான் அந்தக் கோடு என்பது கரிசல் காட்டிலும் எல்லாருக்கும் தெரியும். பசிக்கு அறுத்தாலும் அவள் அப்பா முதலில் மூன்று விரலை அந்தக் கோடுகளின்மேல் ஓட்டி, “ராமா, பொறுத்துக்கிடும்” என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் கத்தியைத் தொடமாட்டார். கனகவல்லியின் கை தானாக நீண்டது. கோடே இல்லாத அந்தச் சிவந்த முதுகில் மூன்று விரலை வைத்து, கழுத்திலிருந்து வால்வரை மெல்ல இழுத்தாள். உதடு அசைந்தது. விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினால், வாசற்படியில் சேதுராமன்.

“இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கேளா?”

“ஆமா. எங்க வீட்ல சாப்பிடுவோம். நானும் சாப்பிட்டிருக்கேன்” என்றாள். குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “சைவம்னு உங்ககிட்ட சொன்னது பொய்.”

அவன் தொட்டியில் கிடந்த கரிந்த சட்டியைப் பார்த்தான். அலமாரிக்குப் போய் வெண்கலப் பானையை எடுத்துவந்து அடுப்பில் வைத்தான்.

“அது கரிஞ்சுடுத்து. இதுல பண்ணுங்கோ” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனான்.

தீட்டுப்பட்ட பானை தனக்கு எதற்கு என்று விட்டுவிட்டான், அவளையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டான் என்று அவள் புரிந்துகொண்டாள். அழுகை முட்டியது. ஆனால் கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்கு இன்றைக்கு நோன்பாம் என்று அவரிடம் சொன்னாள். கத்தோலிக்கரான அவர் மரியாதையோடு தலையசைத்தார்.

அதன் பிறகு அவள் கையைப் பார்க்கவேண்டும். மூன்றாவதையும் நொடியில் உரித்தாள். “அக்குள்ல பட்டாணி கணக்கா ஒரு முடிச்சு இருக்கும், அத எடுக்கலன்னா வாடை அடிக்கும்லா” என்று கிழவரிடம் ஊர்த் தமிழிலேயே சொன்னாள். அவரும் புரிந்ததுபோல் தலையாட்டினார். சின்ன வெங்காயத்துக்குப் பதில் அங்கே கிடைக்கிற குட்டி வெங்காயத்தை வதக்கி, மஞ்சள் போட்டுக் கறியைப் பிரட்டி, தகர டப்பாவின் பொடியைத் தூவி மூடினாள். லீஸ்பெத்தின் சட்டியில் என்ன வாசனை வரும் என்று கேட்டாள். பிரிஞ்சி இலையும் வினிகரும் என்றார். இலையைப் பானையில் போட்டாள். புளிப்பு பட்டால் வெண்கலம் களிம்பு பிடிக்குமே என்று வினிகரை மட்டும் தட்டில் பரிமாறிய பிறகு விட்டாள்.

கிழவர் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடினார். “லீஸ்பெத் செய்தது இதில்லை” என்றார். பிறகு இரண்டாம் தடவை தட்டை நீட்டினார், மூன்றாம் தடவையும் நீட்டினார். கனகவல்லியும் சாப்பிட்டாள். இன்னொருவர் எதிரே உட்கார்ந்து அவள் அணில் கறி சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பானையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள். தன் அலுமினியச் சட்டியையும் தட்டையும் அலமாரியின் இடப்பக்கத்திலிருந்து எடுத்துக் கிழவரின் பக்கம் வைத்தாள். அவன் சொல்லி எடுப்பதைவிட அது மேல் என்று தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது சமையலறையில் மிளகும் சீரகமும் பொரிகிற வாசனை. பளபளவென்று துலக்கிய வெண்கலப் பானையில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. சேதுராமன் கரண்டியும் கையுமாக நின்றான். அவளுடைய சட்டியும் தட்டும் இடப்பக்கம் பழைய இடத்திலேயே இருந்தன.

“புளி இல்லை, லெமன் போட்டுத் தேச்சேன்” என்றான் திரும்பாமலே. “பானைல களிம்பே இல்லையே. டேபிள் மேல வினிகர் பாட்டில் இருந்துதே, இதுல விடலையா?”

“தட்டுலதான் விட்டேன்.”

“நெனச்சேன்.” கொஞ்சம் கிளறினான். “சேது கட்டின அணில் கதையை எங்காத்துல வருஷா வருஷம் சொல்லுவா. எனக்குப் பேரே அதுல வந்ததுதான். ஆனா அணில்கிட்ட மன்னிப்புக் கேட்டவாளை நான் நேத்திக்குத்தான் பார்த்தேன்.”

அவளுடைய தட்டை எடுத்துப் பொங்கலைப் போட்டான். நெய்க்குப் பதில் வெண்ணெய் வைத்தான். தனக்கும் அதே பானையிலிருந்து போட்டுக்கொண்டு, அவள் முதல் வாய்க்காகக் காத்திருந்தான். கனகவல்லி பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். காடும் பனியும் பெரிய பெரிய தேவாலயங்களுமாக எத்தனையோ அதிசயங்களை அந்த நாட்டில் பார்த்துவிட்டாள். இதைப்போல் ஒன்றைப் பார்க்கவில்லை. கண் நிறைந்து தட்டே தெரியவில்லை, தடவித்தான் முதல் வாயை எடுத்தாள்.

1972இல் இருவரும் ஹனோவரில் குடித்தனம் வைத்தபோது அந்தப் பானையில்தான் முதன்முதலில் பால் காய்ச்சினார்கள். கிரிங்ஸ் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு ரயில் ஏறி வந்திருந்தார். பால் பொங்குகிற பானையை அடையாளம் கண்டுகொண்டு அடுப்பருகே போனவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கனகவல்லியின் காதோடு கேட்டார்: “என்ன, இந்தப் பையனுக்கு இன்றைக்கும் நோன்பா?”