உதைக்கிற குதிரைக்கு மஞ்சள் தண்ணீர்

காப்புறுதி விற்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் விபத்தாகத்தான் தெரியும். கல்யாண மண்டபத்துக்குப் போனால்கூட முதலில் படிக்கட்டு வழுக்குமா என்றுதான் பார்ப்பேன். என்னோடு வெளியே வருவதையே என் மனைவி குறைத்துக்கொண்டாள்.

ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நெடுந்தூரக் குதிரையோட்டம் நடத்தினார்கள். யாருக்காவது அடிபட்டால் இழப்பீடு தரும் காப்புறுதியை ஏற்பாடு செய்தவன் நான். தலைவலி ஒரே ஒரு குதிரைதான். புந்தோங்கில் ஒற்றை லாரியை வைத்துப் பிழைக்கும் என் நண்பனுடையது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பழுப்புக் குதிரை. பின்பக்கம் யார் வந்தாலும் உதைக்கும். லாயத்தில் வேலை செய்த ஒருவரின் முழங்காலை ஏற்கெனவே பெயர்த்திருந்தது.

காப்புறுதி நிறுவனம் கையை விரித்தது. கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு நிபந்தனைகளோடு சம்மதிக்க வைத்தேன். மற்ற சவாரிக்காரர்கள் விலகிப்போக வசதியாக வாலில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். பொதுமக்களைக் கிட்டே விடக்கூடாது. மீறி யாராவது உதைபட்டால் நிறுவனம் பணம் தராது. நண்பன் லாரியை விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டும்.

பாதை முழுவதையும் முன்கூட்டியே நடந்து பார்த்தேன். வழியில், தோட்டம் ரப்பராக இருந்த பால்மரக் காலத்து முனியாண்டி கோயில் ஒன்று சருகு மூடிக் கிடந்தது. ஆள் அரவமே இல்லை. தோட்டத்தை விட்டுப்போன குடும்பங்கள் வருடத்துக்கு ஒரு முறை அங்கே கூடிப் பூசை போடுவார்கள் என்றோ, அது குதிரை ஓடும் அதே ஞாயிறு என்றோ யாரும் மூச்சுவிடவில்லை.

அன்று செம்பனைகளுக்கு அப்பாலிருந்து உறுமி மேளச் சத்தம் கேட்டதும் அந்தக் கோயில் நினைவுக்கு வந்தது. ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் கூட்டத்துக்கு நடுவே குதிரை நின்றுகொண்டிருந்தது. நண்பன் மேலே உட்கார்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தான். உறுமி நின்றுவிட்டது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முனியாண்டியின் குதிரை வெள்ளையாயிற்றே, இது பழுப்பாக இருக்கிறதே என்று ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஓர் அம்மாள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நேராகக் குதிரையின் பின்னங்கால்களை நோக்கி நடந்தார்.

"அக்கா, பின்னால போகாதீங்க லா! அது உதைக்கும்!" என்று கத்தினேன்.

"சாமி குதிரை என்னை ஏன் உதைக்கப்போகுது?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, குளம்பின் மேல் தண்ணீரை ஊற்றினார்.

குதிரை ஒரு பின்னங்காலைத் தூக்கியது. அந்த அம்மாளின் நெற்றி அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், குளம்பு நுனியை மட்டும் மண்ணில் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு, சொகுசாக நின்றுகொண்டிருந்தது. அவர் அடுத்த காலுக்குப் போனார்.

"ஒவ்வொரு செக்பாயிண்ட்லயும் கால்ல தண்ணி ஊத்திக் குளிர வைப்போம், மச்சான்," என்றான் நண்பன். "தண்ணி பட்டா ரெஸ்ட்டுன்னு நெனச்சுக்கும். நல்ல வேளை லா."

குதிரை மெல்ல நடந்து மரங்களுக்குள் மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

காலியாகியிருக்கும் என்று நான் நினைத்த அதே குடத்தோடு அந்த அம்மாள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தம்பி, இப்படி நடுங்குது? என்னா வேலை செய்றீங்க?"

"இன்சூரன்ஸ், அக்கா."

"அதான்," என்றவர், மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை என் கால்களில் ஊற்றினார். சில்லென்று இருந்தது. சப்பாத்து நனைந்துவிட்டதே என்றுகூடத் தோன்றவில்லை. அந்தக் குதிரையைப் போலவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.